சித்தப்பாவின் நடை

நம் பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் நாடகக்காரர்கள் வரப்போகிறார்களாம். ஒரு பருவம் முழுக்க ஊரிலேயே தங்கிப் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுப்பார்களாம். நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்ததிலிருந்து என் போன் ஓயவில்லை. ஒருத்தி வரிசையாகச் சிவப்பு இதயம் அனுப்புகிறாள். இன்னொருவர், "நம்மளும் நடிச்சோமே, ஞாபகம் கீதா? அந்த நாளு திரும்ப வருமா?" என்று குரல் பதிவே போட்டுவிட்டார்.

அந்த நாள் திரும்ப வரவே வேண்டாம். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், தலை நரைத்ததும் இவளுக்கு வாய் கசந்துபோயிற்று என்பீர்கள். கசந்துதான் போயிற்று. அதனால் முழுதாகவே எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் அன்றைக்கு மேடையில் இருந்தீர்கள். ஆனால் நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதி எங்கள் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. என் சித்தப்பா மகள் இந்தக் குழுவில் இல்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நாடக சார் வந்து இறங்கிய கோலம் உங்களுக்கு நினைவிருக்கும். தோளில் ஜோல்னாப் பை, கையில் ஒரு தப்பு மேளம், கழுத்தில் விசில். பொன்னேரி பஸ்ஸிலிருந்து இறங்கியவர், மீன் காயப்போட்டிருந்த பாயை மிதித்துவிட்டு அந்தப் பாயிடமே மன்னிப்புக் கேட்டார். நாம் சிரித்த சிரிப்பில் விசிலை ஊதி, "இதே சிரிப்பு, இன்னும் ஒரு தடவை" என்றார். ஐந்தாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டார். நம்மை வாங்க, போங்க என்று கூப்பிட்ட முதல் பெரிய மனிதர் அவர்தான். அதற்காகவே நாம் அவருக்கு அடிமையானோம்.

பாட்டு, வசனம் எதையும் அவர் முதலில் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கத்தான் சொல்லிக்கொடுத்தார். "வீட்டுல ஒரே ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. எப்படி நடக்கிறாங்க, எப்படி உட்கார்றாங்க, பேசறதுக்கு முன்னாடி என்ன செய்யறாங்கன்னு பாருங்க. அதை உங்க உடம்புல கொண்டுவாங்க. ஒரு அசைவுகூடப் பொய்யா இருக்கக் கூடாது." நான் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டு போய், இடுப்பில் கைவைத்துக் கத்தினேன். அது எல்லா அம்மாவும் செய்வதுதான் என்று உட்காரவைத்துவிட்டார். மரைக்காயர் வீட்டுப் பையன் தன் மாமாவைப் போலப் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளி இறாலுக்கு விலை சொன்னான். அதற்கு நல்ல கைத்தட்டு.

பிறகு என் சித்தப்பா மகள் எழுந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். வாய்த்துடுக்கு இல்லாத, இருக்கிற இடம் தெரியாத பெண். சுவரோரமிருந்து நடு அறைக்கு நடந்து வந்தாள், அவ்வளவுதான். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. வாழ்நாளெல்லாம் ஒரே பக்கம் கோல் ஊன்றித் தோணி தள்ளியதால் சித்தப்பாவுக்கு அந்தத் தோள் அப்படி. பேசுவதற்கு முன்னால் தொண்டைக்குள் ஒரு செருமல். பிறகு குனிந்து, இல்லாத தண்ணீரைத் தொட்டு, இல்லாத தோணியின் மூக்கில் வைத்து, ஈரக் கையை வயிற்றில் தடவிக்கொண்டாள். தோணி ஏறும்போதெல்லாம் சித்தப்பா அப்படித்தான் செய்வார். பாவாடை கட்டிய பதினொரு வயதுப் பெண் என்பது எனக்கு மறந்துபோயிற்று. என் சித்தப்பா பள்ளிக்கூடத்துக்குள் எப்படி வந்தார் என்றுதான் நினைத்தேன்.

நாடக சார் விசிலை ஊதவே மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் அதை வீட்டிலும் செய்து காட்டினாள். வலை பிரித்துக்கொண்டிருந்த சித்தப்பா சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அடிப் பாவி, நான் இப்டியா நடக்கறேன்? ஏ, இங்க வா, ஒம் புருசன் இன்னா லட்சணத்துல நடக்கறான் பாரு" என்று சித்தியைக் கூப்பிட்டார். அப்புறம் எழுந்து வந்து, மகள் தோளைத் தன் கையாலேயே பிடித்து அழுத்தினார். "இன்னும் கொஞ்சம் எறக்கு. ஆங், அப்டி. கைய தொடைக்கறப்ப அவசரப்படாத. நான் பொறுமையாத்தான் தொடைப்பேன்." அந்த வாரம் முழுக்க எதிரே வந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு நடிக்குதுபா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்தப் பருவம் ஏரியில் ஒன்றும் கிடைக்காத பருவம். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் மணல் அடித்து மூடிக்கொண்டது. கடல் உள்ளே வந்தால்தானே இறால் உள்ளே வரும்? தண்ணீர் பச்சையாகி, கரையில் கெட்ட நாற்றம் வீசியது. வீட்டுக்கு வீடு கருவாட்டுக் குழம்பு, அதுவும் நாலாம் நாள் தண்ணீர்க் குழம்பு. நம்மில் பாதிப் பேர் சத்துணவுக்காகத்தான் பள்ளிக்கூடம் வந்தோம். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான்.

நம் பாடு முறை தெரியாத மருமகள்கள், பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் ஓடும் இடங்களைக் குப்பத்து வீடுகளுக்குள் முறை வைத்துப் பிரித்திருந்தார்கள். யாருடைய வலை எந்த நாளில் எங்கே இறங்கும் என்பதைக் கோயிலில் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பெயர் பாடு. பாடு உள்ளவன்தான் குப்பத்து ஆள். பாடு இல்லாதவன் அடுத்தவன் தோணியில் கூலி. அடுத்தவன் முறையில் திருட்டுத்தனமாக வலை போடுவதைவிடக் கேவலம் நம் குப்பத்தில் கிடையாது.

வலை காலியாக வர வர, பேச்சு மாறியது. நம்ம பாட்டில் எவனோ கை வைக்கிறான் என்றார்கள். கண்ணெதிரே மணல் மூடிக் கிடந்தது. ஆனால் மணலை யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது? ஆளைத் தேடினார்கள். பெரியவர்களின் அந்தப் பேச்சு நம் காது வழியாக வகுப்பறைக்கு வந்தது.

நாடகம் எதைப் பற்றி என்று சார் கேட்டபோது, முதலில் நாம் சொன்னது முகத்துவாரத்தைத்தான். அதை மறந்துவிடாதீர்கள். பிள்ளைகள் சரியாகத்தான் சொன்னோம். சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மணலை எப்படிங்க மேடையில நிக்க வைக்கிறது? நாடகம்னா ரெண்டு பேர் மோதணும். ஆசைப்படற ஒருத்தர், தடுக்கிற ஒருத்தர்" என்றார். உடனே ஒரு பையன் திருட்டு வலையைப் பற்றிச் சொன்னான். சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பசிக்கு அடுத்தவன் பாட்டில் வலை போடுகிற ஒரு நல்லவன், கடைசியில் ஊர் அவனை மன்னித்துச் சேர்த்துக்கொள்கிறது, எல்லோரும் சேர்ந்து பாடுகிறோம். இதுதான் கதை. கெட்ட எண்ணம் அதில் துளியும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

அந்த நல்லவனாக நடிக்கப் பையன்கள் யாரும் முன்வரவில்லை. திருடன் வேஷம் போட்டால் வீட்டில் முதுகுத் தோல் உரியும் என்று பயம். "ஆம்பள நடை அவளுக்குத்தான் வருது சார்" என்று எல்லோருமாக அவளைத் தள்ளிவிட்டார்கள். அவளும் ஒத்துக்கொண்டாள். அவள் உடம்பில் இருந்தது ஒரே ஓர் ஆம்பளையின் நடை. வேறு நடை அவளிடம் இல்லை.

தலைமையாசிரியர் நாடகத்தைப் பள்ளிக்கூட வளாகத்தில் போடச் சொன்னார். சார் கேட்கவில்லை. மக்களிடமிருந்து எடுத்ததை மக்கள் இடத்தில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். அம்மன் கோயில் எதிரே இருக்கிற மணல் திடலைக் கேட்டு வாங்கினார். ஊர்க் கூட்டம் நடக்கிற அதே திடல். என் அம்மாவின் நீல நைலக்ஸ் புடவைதான் ஏரி. இரண்டு பிள்ளைகள் இரண்டு முனையைப் பிடித்து ஆட்டினால் அலை. அம்மா கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கிய ஒரே புதுப்புடவை அது. கிழிக்காமல் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தாள்.

பொழுது சாய்கிற நேரம். அம்மன் திடலில் எது தொடங்கினாலும் கற்பூரம் ஏற்றித்தான் தொடங்குவது. பூசாரி தட்டில் கட்டியை வைத்துக் கொளுத்தினார். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் சாருக்குப் பரவசம். "ஐயா, இதை மேடைக்கு முன்னாலேயே வைங்க. பிள்ளைங்க முகத்துல வெளிச்சம் விழட்டும். அணையாம போட்டுக்கிட்டே இருங்க" என்றார். பூசாரி ஊர்ப் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். பெரியவர் தடுக்கவில்லை. பூசாரி கட்டி கட்டியாகப் போட்டுக்கொண்டே இருந்தார்.

சாருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், ஆனால் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை. நம் குப்பத்தில் வழக்கு என்று வந்தால் போலீசுக்குப் போவதில்லை. அதே திடலில் கற்பூரம் ஏற்றுவார்கள். அது எரியும்போது அம்மன் எதிரே சொல்வது சாட்சி. ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்க மாட்டார்கள். குற்றம் சுமந்தவன் அந்தக் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் அவனை விட்டுவிடுவார்கள். அப்போது சாட்சி சொன்னவர் பொய்யர் என்று ஆகும். அந்தப் பொய்க்கு ஊர் தண்டனை கொடுக்காது, அம்மன் கொடுப்பாள். கோயில் வாசலில் பார்வை போன ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, கற்பூரத்துக்கு எதிரே பொய் சொன்னவர் என்று அவரைக் காட்டித்தானே நம்மை வளர்த்தார்கள்?

அவள் தோளை இறக்கிக்கொண்டு நடந்து வந்தாள். செருமினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அட, நம்மாளுபா!" என்று பின்னாலிருந்து குரல். முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் சிரிப்புத்தான் எல்லோரையும்விடப் பெரியது. அவள் குனிந்து என் அம்மாவின் புடவையைத் தொட்டு, தோணி மூக்கில் வைத்து, கையை வயிற்றில் பொறுமையாகத் தடவிக்கொண்டாள். சித்தப்பா சொல்லிக்கொடுத்த அதே பொறுமை. பிறகு வலையை வீசி, சார் எழுதிக்கொடுத்த வசனத்தைச் சித்தப்பாவின் குரலில் சொன்னாள்:

"எவன் பாடா இருந்தா எனக்கு இன்னா? எம் புள்ள பசிக்குதுங்குது. நான் வலை போடத்தான் போறேன்."

சிரிப்பு பின்வரிசையிலிருந்து நின்றுகொண்டே வந்தது. கடைசியாக நிறுத்தியவர் சித்தப்பா. மன்னிக்கிற காட்சியையும் பாட்டையும் நாம் நடித்து முடித்தோம். ஆனால் யாரும் கைத்தட்டவில்லை. கற்பூரப் பொறி பட்டு ஏரியில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அம்மா அடிப்பாளே என்று அப்போது அதைப் பற்றித்தான் நான் பயந்தேன்.

காலையில் அதே திடலில் கூட்டம். சார் தலையை வாராமல் ஓடிவந்தார். "ஐயா, அது நடிப்பு. பிள்ளைங்க கற்பனை. நான் எழுதினது" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னார்.

ஊர்ப் பெரியவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டார். "சார், அவன் நடைய நீங்க எழுதினீங்களா? அவன் செருமறது நீங்க எழுதினதா? கைய வவுத்துல தொடைக்கறத நீங்க பாத்துகினு இருந்தீங்களா? அம்மாம் நெசத்த சொன்ன புள்ள, அது ஒன்ன மட்டும் பொய்யா சொல்லுமா? அதுவும் கற்பூரம் எரியறப்ப?"

ஓர் அசைவுகூடப் பொய்யாக இருக்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்த மனிதர் அதற்கு என்ன சொல்வார்?

"நான் சும்மா…" என்று என் பக்கத்திலிருந்து அவள் தொடங்கினாள். சித்தி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். ஏன் என்று அப்போது புரியவில்லை.

பூசாரி கற்பூரத்தை ஏற்றிவைத்தார். பெரியவர் சித்தப்பாவைப் பார்த்து, "அடிச்சு அணைச்சிட்டுப் போடா. முடிஞ்சிரும்" என்றார். அந்தக் குரலில் ஒரு கெஞ்சல்கூட இருந்தது. சித்தப்பா எழுந்து போனார். கையை ஓங்கினார். ஓங்கிய கையோடு திரும்பி மகளைப் பார்த்தார். அவள் சித்தியின் விரல்களுக்கு மேலே கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கண்ணைத்தான் பார்த்தார் என்று இப்போது தெரிகிறது. கை மெதுவாக இறங்கியது.

"நாந்தான் போட்டேன்" என்றார்.

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. சீட்டுப் பானையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

சித்தப்பாவின் அண்ணன், என் நைனா, வீட்டுக்கு வந்ததும் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "ஒரு நாளும் போடல அவன். கூடவே இருந்தேனே, எனக்குத் தெரியாதா? கைய அடிச்சிருந்தா பொண்ணு சொன்னது பொய்யின்னு ஆவும். அம்மன் அவ கண்ண எடுத்துக்கும்னு பயந்துட்டான். அவளுக்கு மட்டும் சொல்லிடாதீங்கன்னு எங் காலப் புடிச்சிகினான்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் அறைக்குள் கருகிய புடவையை மடித்துக்கொண்டு கேட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அந்தப் புடவையைப் பிறகு கட்டவும் இல்லை.

சார் புறப்படுவதற்கு முன் சித்தப்பா வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார். அழுதிருந்தார். சித்தப்பா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? நல்லாத்தான் கத்துக் குடுத்தீங்க" என்றார். குத்திப் பேசத் தெரியாத மனிதர் அவர். சார் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் திண்டாடினார். அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்று தெரியாது. தலைமையாசிரியர் மட்டும் பிரேயரில், நம் பள்ளி நாடகம் ஊரையே சிந்திக்க வைத்தது என்று பேசினார்.

மழைக்காலத்தில் வெள்ளம் வந்து முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு போயிற்று. அடுத்த வாரமே இறால். கூடை கூடையாக, எடுக்க ஆள் இல்லாத அளவுக்கு இறால். திருடன் மணல்தான் என்பது அன்றைக்குக் குப்பத்துப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் சித்தப்பாவுக்குப் பாட்டைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நைனா போய்க் கேட்டதற்கு, "அவனே ஒத்துகினானே, நாங்க இன்னா பண்றது?" என்றார்கள். சித்தப்பா சுண்ணாம்புக்குளம் பக்கம் இறால் பண்ணையில் குட்டை காவலுக்குப் போனார். ஏரியில் பிறந்த மனிதர், குட்டையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அவள் என்ன நினைத்தாள் என்று நாம் யாரும் கேட்கவில்லை. அவள் கணக்கு எளிது. தான் சும்மா நடித்தோம், தன் நைனாவோ நிஜமாகவே திருடியிருக்கிறார், அம்மன் எதிரே அவரே சொன்னார். பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டாள். சித்தப்பா லீவில் வந்தால் பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவர் வாங்கிவந்த எதையும் தொட மாட்டாள். தோளை நிமிர்த்தி, சின்னச் சின்ன அடியாக வைத்து நடக்கப் பழகினாள். அவர் இருக்கும் இடத்தில் செருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்வாள். சித்தப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். பாடு போனது போகட்டும், மகளும் போனாள். மகளுக்காகத்தானே பாட்டை விட்டார்? அவர் செத்தபோது, கல்யாணமாகிப் போயிருந்த அனுப்பம்பட்டிலிருந்து வந்தவள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றுவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பிப் போனாள். கல்நெஞ்சக்காரி என்று ஊர் பேசியது. உங்களில் சிலரும் பேசினீர்கள்.

போன வாரம் அனுப்பம்பட்டுக்குப் போயிருந்தேன். ஸ்டேஷன் பக்கத்தில் மீன் கடை வைத்திருக்கிறாள். மீன் அரிந்துகொண்டே என்னிடம் பேசினாள். நாடகக்காரர்கள் வருகிற செய்தியை அவள் மகன் எங்கேயோ கேட்டுச் சொல்லியிருக்கிறான். கத்தி நின்றது.

"அக்கா, இத்தினி வருசமா கேக்கணும்னு கீறேன். நைனா ஏன்க்கா அப்டி பண்ணிச்சு? கேட்டா எங் கை வளையல வித்தாவது அரிசி வாங்கியிருப்போமே. அடுத்தவன் பாட்டுல போய் ஏன் போட்டுச்சு?"

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. உங்க நைனா எதையும் திருடவில்லையடி, உன் கண்ணுக்காகப் பொய் சொன்னார், நீ முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு நிரபராதியிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாய் என்று. சொன்னால் அவருக்கு நல்ல பெயர் திரும்பும். அவள் மீதி நாளை எப்படிக் கழிப்பாள்? எந்தப் பக்கம் பேசினாலும் இருவரில் ஒருவரை நான் கொல்ல வேண்டும். ஒருவர்தான் ஏற்கெனவே செத்துவிட்டாரே.

"பசி, வேற இன்னா? நீ பசிக்குதுன்னு சொல்லியிருப்பே" என்றேன்.

"அப்ப எனக்காகத்தான் பண்ணிச்சா?"

"ஆமாடி. ஒனக்காகத்தான்."

அது மட்டும் பொய்யில்லை.

அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். நடுவயது உடம்பு, நிமிர்த்தி வைத்திருந்த தோள் எப்போதோ தானாக இறங்கிவிட்டிருக்கிறது. குழாயில் கையைக் கழுவினாள். தொண்டையைச் செருமினாள். ஈரக் கையை வயிற்றில் பொறுமையாகத் தடவிக்கொண்டு, அடுத்த ஆளுக்கு மீன் நிறுக்கத் திரும்பி நடந்து வந்தாள்.